கஞ்சி போட்டு வந்த துண்டுகள்

போன வியாழக்கிழமை உத்திரமேரூர் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நெல் மில்லைத் தாண்டும்போது காற்று ஒரு வீசு வீசி, உமிச்சாம்பலைக் கொண்டுவந்து என் வெள்ளைப் புடவை மேல் கொட்டியது. பக்கத்திலிருந்த அம்மா, "ஐயையோ, புதுப் பொடவையாச்சே! தேய்க்காதம்மா, அப்பிக்கும், தட்டி உடு" என்று பதறினார். நான் தட்டவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தேன். கருப்பு அதிகம், சரியாக எரியாத சாம்பல். நீயாக இருந்தால் தொட்டிருக்க மாட்டாய். "இது கரிண்ணா, எனக்கு வெள்ளச் சாம்பல் வேணும், நல்லா நின்னு எரிஞ்சது" என்று மில் வாசலில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நீ வாதாடியதும், "சாம்பல்ல கூடவா பொறுக்குவீங்க?" என்று மில்காரர் தலையில் அடித்துக்கொண்டதும் ஞாபகத்துக்கு வந்து, பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தச் சாம்பலைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறுவோமே, அப்போது இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம்தான் ஆகியிருந்தது. நான் சாலவாக்கம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பஸ் பிடித்து உத்திரமேரூர் வருவேன். நீ கடைத்தெருவிலிருந்து நடந்து வருவாய். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏறி, நாம் இரண்டு பேரும் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்த பல்கலைக்கழகம் போவோம். எங்கள் வீட்டில் நெல், உங்கள் வீட்டில் துணி. நெல்லின் உமியைச் சாம்பலாக்கித் துணியில் ஏற்றுவதுதான் நம் ஆராய்ச்சி என்று சொன்னபோது, நீ அத்தா என்று கூப்பிடுகிற உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ரெண்டு வூட்டு யாவாரத்தையும் சேத்துட்டீங்க. சம்பந்தம் பண்ண மாதிரி கீது" என்றார். அவர் கடையில் நாம் எந்தத் துணியை எடுத்து வெட்டினாலும் அதற்குப் பிறகு ஏன் என்று கேட்டதில்லை.

செய்கிற வேலையைக் கேட்பவருக்கெல்லாம் நீ சொல்லிப் புரியவைக்கிற அழகே தனி. சோல்-ஜெல் என்ற பேரைக் கேட்டதுமே எங்கள் ஊரில் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். நீ தயிரில் ஆரம்பிப்பாய். "பால் ஓடுது, தயிர் நிக்குது இல்ல? அத மாதிரி, முதல்ல தண்ணியா ஓடுற கரைசல். அது சோல். கொஞ்ச நேரத்துல உறைஞ்சு நிக்கும். அது ஜெல். உறையறதுக்குள்ள துணிய முக்கிப் புழிஞ்சு, காயப் போட்டு, சூடு காட்டுனா, நூலு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடித் தோலு படியும். அதுக்குள்ள துத்தநாகத் தூள உக்கார வச்சுட்டா கிருமி கிட்ட வராது. வேர்வை நாத்தம் வராது." இதற்கு மற்றவர்கள் விலை கூடிய ரசாயனத்தையும் ஆல்கஹாலையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நம் பேராசிரியர், உமிச்சாம்பலில் இருக்கிற சிலிக்காவைக் காரத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுத்து, வெறும் தண்ணீரிலேயே செய்துபார்க்கலாம் என்றார். மிச்சமாகிக் குப்பைக்குப் போகிற பொருள், குறைந்த சூடு, நச்சுக் கழிவு இல்லை. துத்தநாகத் தூளையும் நானோ அளவுக்குப் பொடித்து உட்கார வைத்துவிட்டோம் என்று கருவி சொன்ன அன்று, நீ பரிசோதனைச் சாலையில் எல்லோருக்கும் உங்கள் தெரு சமோசா வாங்கிக் கொடுத்தாய்.

ஒரு நாள் அங்கே கரண்ட் போய்விட்டது. கரைசல் தயார், சூடு காட்ட அடுப்பு இல்லை. "எங்க கடை மாடியில கரி இஸ்திரிப் பொட்டி கீது, வா" என்று உன் அம்மாவின் ஃப்ளாஸ்க்கில் கரைசலை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாய். வழியில் பஸ் பஞ்சர். வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. உன் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, ஜவ்வரிசி பாயசமா?" என்றார். "பாயசம் இல்லம்மா, எங்க பரீட்சை" என்றாய். கரண்டிக் காம்பால் நோண்டி, வெந்நீர் ஊற்றி, என்னென்னவோ செய்தார் அவர். அந்த ஃப்ளாஸ்க்கை மீட்க முடியவில்லை. ஆனால் அடுத்த முறை கரைசலை அங்கேயே கலக்கிப் பார்த்தபோது கரி இஸ்திரிப் பெட்டி நம் வேலைக்கு அருமையாக ஒத்துவந்தது. அதன்பிறகு உன் கடை மாடிதான் நம் இரண்டாவது பரிசோதனைச் சாலை.

அந்த மாடிக்கு இன்னொரு உரிமைக்காரர் இருந்தார். உன் அண்ணன். அங்கே ரெடிமேட் பிரிவு திறக்க வேண்டும் என்பது அவர் கனவு. பெண்கள் வருகிற இடம், நீ உட்கார்ந்தால் சரியாக இருக்கும் என்று ஒரு சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூலையில் கிடக்கும். உனக்கும் உன் அத்தாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. உதவித்தொகை வருகிறவரைக்கும் படிப்பு, அது நின்றால் கடை. முதல் வருஷ முடிவில் மதிப்பீட்டுக் குழு வரும், அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும், உன் முனைவர் பட்டமும் அதோடு சரி. "அந்த நாற்காலியப் பாத்தாலே எனக்கு இடுப்பு வலிக்குதுடி கஸ்தூரி" என்பாய். விளையாட்டாகத்தான் சொல்வாய். ஆனால் மாடிக்குப் போனால் அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவாய்.

குழுவினர் முன்கூட்டியே ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண்ணாடித் தட்டில் கிருமி சாகிறது சரி, மனிதர்கள் பயன்படுத்திப் பார்த்தார்களா? அதற்காகத்தான் துண்டுகள். உன் கடையிலிருந்து வெள்ளைத் துண்டுகளை எடுத்து, பாதிக்கு நம் பூச்சு, மீதி வெறும் துண்டு. பூச்சு உள்ளதற்கு ஓரத்தில் சிவப்பு நூல், இல்லாததற்கு நீல நூல். எது எது என்று யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வயல் வேலை செய்கிறவர்களுக்குக் கொஞ்சம், உங்கள் தெருவில் கொஞ்சம். என் சித்தி முதல் நாளே சண்டைக்கு வந்துவிட்டாள். "இன்னாத்துக்கு எதிர்வூட்டுக்காரிக்கு செவப்பு, எனக்கு நீலம்? அவ இன்னா ஒசத்தி?" நீ கொஞ்சமும் யோசிக்காமல், "சித்தி, உங்க நெறத்துக்குச் செவப்புதான் எடுப்பா இருக்கும்" என்று மாற்றிக் கொடுத்தாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எது யாரிடம் இருந்தால் என்ன, சரியாகக் குறித்துக்கொண்டால் போதும் என்று கண்ணைச் சிமிட்டினாய்.

எல்லோரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். வேர்வை துடையுங்கள், தலையில் கட்டுங்கள், தோளில் போடுங்கள், எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். ஆனால் துவைக்காமல் அப்படியே அழுக்கோடு திருப்பித் தாருங்கள். அந்த அழுக்கில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. நான் ஒரு முறை சொன்னேன், நீ ஒரு முறை சொன்னாய், கிளம்பும்போது இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். எல்லோரும் அழகாகத் தலையாட்டினார்கள்.

வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய், எங்கே இருந்தாலும். சித்தி வீட்டு வாசலில் கொடியில் துண்டு தொங்கியது. சொட்டு நீலம் போட்டு, கஞ்சி போட்டு, அட்டை மாதிரி விறைத்து நின்றது. "சித்தி, தொவைக்காம குடுன்னு சொன்னேனே!" என்றேன். "சொன்னடி. அதுக்காக? வூட்டுக்கு வந்த பொண்ணு கையில வேர்வ நாத்தத்தோட துணியக் குடுக்க முடியுமா? நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவாங்க?" அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு, ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லாம் மல்லிகைப்பூ நிறத்தில், மடிப்புக் கலையாமல். பச்சையம்மா அக்கா ஒருபடி மேலே போனார். துண்டைத் துவைத்து மடித்து, அதன் முனையில் வேர்க்கடலை முடிந்து கொடுத்தார். "வெறுந்துணியா குடுக்கக் கூடாதும்மா. உங்க வூட்டுக்குப் போற துணி" என்றார். நீ இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாய்.

உங்கள் தெருவாவது மிஞ்சியிருக்கும் என்று ஓடி வந்தோம். அங்கே உன் அம்மா நமக்கு முந்திக்கொண்டிருந்தார். மகள் அடுத்தவர் அழுக்கைத் தொடக் கூடாது என்று அவரே வீடு வீடாகப் போய் எல்லாத் துண்டையும் வாங்கி, பெரிய அண்டாவில் போட்டு, மருந்துக்கடையில் கிருமிநாசினி வாங்கி ஊற்றி அலசி வைத்திருந்தார். "நீதானே கிருமி ஆராய்ச்சின்னு சொன்ன? அதான் ஒரு கிருமி இல்லாம பண்ணிட்டேன். வாங்க, ரெண்டு பேரும் நாஷ்டா பண்ணுங்க" என்றார் பெருமையாக. துண்டுகள் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணத்தன.

நான் அழுதுவிட்டேன். அது எனக்குச் சட்டென்று வரும், உனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய், அண்டாவைப் பார்த்தாய், வேர்க்கடலை முடிச்சைப் பார்த்தாய், சிரிக்க ஆரம்பித்தாய். மூச்சு வாங்குகிறவரைக்கும் சிரித்தாய். உன் அம்மாவுக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாற்காலியின் உறையைப் பிரிக்கிற நாள் வந்துவிட்டது, இவள் சிரிக்கிறாளே என்று.

மறுபடி துண்டு கொடுத்துச் செய்ய நாள் இல்லை. பேராசிரியர் நல்ல மனுஷர், நம்மைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அந்தப் பகுதியை எடுத்துடுங்கம்மா. ஊர்ல குடுத்ததாவே காட்ட வேண்டாம். லேப் ரிசல்ட் நல்லா இருக்கு, அதை வச்சு ஒப்பேத்திடலாம்" என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. திரும்பி பஸ் ஏறினோம். உத்திரமேரூரில் இறங்குகிறபோதுதான் கேட்டாய்.

"தொவைச்சது தொவைச்சாச்சு கஸ்தூரி. எப்டித் தொவைச்சாங்கன்னு யாராவது கேட்டோமா?"

மறுநாள் காலையிலேயே எங்கள் ஊர் ஏரிக்கரைப் படித்துறையில் போய் உட்கார்ந்துவிட்டாய். படித்த பெண் வந்து துணி துவைப்பது எப்படி என்று கேட்கிறாள் என்றதும் அங்கே ஒரே கும்மாளம். ஆளுக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு பெருமை. ஒருத்தி கட்டி சோப்பைப் போட்டுக் கல்லில் அடித்தேன் என்றால், இன்னொருத்தி, "அவ அடிக்கிறது ஒரு அடியா? துணியத் தட்டித் தூங்க வைப்பா" என்றாள். சித்தி மட்டும் எழுந்து நின்றே சொன்னாள். "நான் சலவ சோடா போட்டு, அடுப்புல ஏத்தி, நல்லா கொதிக்கக் கொதிக்க அவிச்சேன். அதுக்கப்புறம்தான் கல்லு. எந்தக் கறையும் எங்கிட்ட நிக்காது." நீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய், யாரையும் திருத்தவில்லை. உன் அம்மா அலசிய துண்டுகளை மட்டும் ஒதுக்கிவைத்தாய், அதில் எது நம் பூச்சு, எது மருந்து என்று பிரிக்க வழியில்லை என்று.

மீதித் துண்டுகளின் கஞ்சியை வெந்நீரில் போக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துணுக்கு வெட்டி, கிருமி வளர்த்த தட்டுகளில் வைத்தோம். அடுத்த நாள் மூடியைத் திறந்தாய். நீல நூல் துணுக்குகளைச் சுற்றிக் கிருமி ஓரம்வரை வந்து மொய்த்திருந்தது. சிவப்பு நூலைச் சுற்றிக் கிருமியே இல்லாத தெளிவான வட்டம்! கல்லில் அந்த அடி வாங்கி, நீலமும் கஞ்சியும் ஏறி இறங்கியும் நம் கண்ணாடித் தோல் உரியவில்லை. பரிசோதனைச் சாலையின் சலவை இயந்திரத்தில் துணி தாலாட்டு மாதிரித்தான் ஆடும். இந்த அடியை அது எங்கே கொடுக்கும்? நான் உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ ஒரே ஒரு தட்டைக் காட்டினாய். சிவப்பு நூல்தான், வட்டம் இல்லை. சித்தியின் துண்டு.

பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாய். "சாம்பல்லேர்ந்து சிலிக்காவ நாம எப்டி எடுத்தோம்? காரத்துல கொதிக்க வச்சுத்தானே? சோடாவும் காரம்தான், சித்தி அதையேதான் பண்ணிக்கீறாங்க. துணியிலேர்ந்து அப்டியே உருவி எடுத்துட்டாங்க. நம்ம ரெண்டு பேரவிட சுத்தமா எடுத்துக்கீறாங்கடி!"

மதிப்பீட்டு நாளில் பேராசிரியர் வேர்வையில் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழுவில் தலைமை வகித்தது கண்ணாடி போட்ட ஒரு அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லை. நீ தட்டுகளைக் காட்டினாய். பிறகு யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பச்சையம்மா அக்காவின் துண்டை, முடிச்சை அவிழ்க்காமல், மேஜைமேல் வைத்தாய். நடந்ததை அப்படியே சொன்னாய், உன் அம்மாவின் அண்டா உட்பட. பக்கத்தில் இருந்தவர் குறுக்கே வந்தார். "அப்போ உங்க ஃபீல்ட் டிரையல் ஃபெயில், அவ்வளவுதானே?"

"ஆமா சார். நாங்க கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கல" என்றாய்.

"சொன்னதை ஏன் அவங்க கேட்கலை?" என்றார் அந்த அம்மா.

"அழுக்குத் துணியத் திருப்பிக் குடுக்கிறது எங்க ஊர்ல மானம் போற விஷயம் மேடம். அதக் கேக்காம, நாங்க துணிதானேன்னு கேட்டுட்டோம். நானும் அந்தப் பக்கத்துப் பொண்ணுதான், நானா இருந்தாலும் தொவைச்சுத்தான் குடுத்திருப்பேன். ஆனா அவங்க குடுத்ததுல வேற ஒண்ணு கிடைச்சுது." அதன்பிறகு கல்லையும் சோடாவையும் சொன்னாய். எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் நிற்கவில்லை. நிற்காததை நீ சொன்னபோதுதான் அந்த அம்மா பேனாவை எடுத்தார்.

வெளியே நிற்கச் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் நீ துப்பட்டா முனையைத் திருகித் திருகிக் கயிறாக்கிவிட்டாய். கூப்பிட்டு உள்ளே போனால், அந்த அம்மா முடிச்சை அவிழ்த்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். "நல்ல மண்ணு கடலை" என்றார். பிறகு, "அடுத்த வருஷம் சோடாவைப் பாருங்க" என்றார். அடுத்த வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கடையில் அந்த நாற்காலியின் உறையை உன் அண்ணனே பிரித்து அவரே உட்கார்ந்துகொண்டார். நன்றாகச் சுழல்கிறது என்று நாள்பூராவும் சுழன்றாராம்.

அடுத்த வருஷம் மட்டுமில்லை, அதற்கடுத்த வருஷமும் சோடா நம்மை ஜெயித்தது. நீ தோற்றதை ஒளிக்கவில்லை. ஆய்வேட்டில் அதற்கென்று ஒரு அத்தியாயமே எழுதினாய். வேண்டாம், தேர்வாளர் பிடித்துக்கொள்வார் என்று நான் உட்படப் பலபேர் சொன்னோம். "நான் எழுதாட்டி சோடா வேலை செய்யாம போயிடுமா?" என்று கேட்டாய். தேர்வாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார், பாராட்ட. உங்கள் தெருவில் டாக்டர் வந்துவிட்டாள் என்று மறுநாளே காய்ச்சலுக்கும் கழுத்துச் சுளுக்குக்கும் வரிசை கட்டினார்கள். நீயும் சளைக்காமல் கழுத்தைப் பிடித்துவிட்டாய்.

பிறகு நீ காஞ்சிபுரத்தில் கல்லூரி ஆசிரியை, நான் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில். பேச்சு குறைந்தது, சிரிப்பு குறையவில்லை. உடம்புக்கு வந்ததைக்கூட நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன வியாழக்கிழமை உன் அம்மாவைப் பார்க்கத்தான் வந்தேன். சாம்பல் படிந்த என் புடவையைப் பார்த்ததுமே, "கழட்டிக் குடு, சோடா போட்டு அவிச்சுத் தரேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை. எனக்கு உன்னை ரொம்பத் தேடுகிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை கதையும்.

இப்போதெல்லாம் கிருமி அண்டாத துணி என்பது கடைக்குக் கடை வந்துவிட்டது. செய்கிறவர்கள் சான்றுக்கு எங்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். இத்தனை சலவை தாங்கும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறேன். அதன் கீழே, யாரும் கேட்காமலே, சோடா போட்டு ஒரு துணுக்கை அவித்துப் பார்த்து அதையும் எழுதுகிறேன். போன மாதம் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு நயமாகப் பேசினார். "மேடம், அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க. இந்தக் காலத்துல யாரு சோடா போட்டு அவிக்கிறாங்க?"

என் சித்தி, உன் அம்மா என்று சொல்லலாம்தான். சொல்லவில்லை. "நான் எழுதாட்டி சோடா வேலை செய்யாம போயிடுமா சார்?" என்றேன். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு வேறு கூடத்துக்குப் போய்விட்டார். வந்த வாடிக்கையாளரை விரட்டிவிட்டேன் என்று என் மேலதிகாரி இரண்டு நாள் கடுகடுத்தார். அடுத்த துணி வந்தது. வெட்டினேன், அவித்தேன், அந்த வரியை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.